யாருடைய இருமல் என்று எழுதவில்லை

மார்ச் 3, வியாழன்

சங்கரநயினார் கிணற்று மோட்டாரை நேற்று ராத்திரி எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டானாம். காலையில் பால் ஊற்ற வந்த கோமு சொன்னாள். 1994-ல் வாய்க்கால் தண்ணீர் எங்கள் வயலுக்கு வரவிடாமல் மண் வெட்டிப் போட்டு அடைத்தவர் அந்தச் சங்கரநயினார். ஆடி பதினெட்டாம் நாள். மண்வெட்டிக்குப் புதுப் பிடி போட்டிருந்தார். ஐந்து ஹெச்.பி. மோட்டாராம். போகட்டும்.

எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருமல். எட்டு மணிக்கு ஆரம்பித்தது, கோழி கூவும்வரை நிற்கவில்லை. யாருடைய இருமல் என்று எழுதப்போவதில்லை. விடிந்ததும் ஆடாதொடை இலை நாலைந்து கிள்ளி அம்மியின் மேல் வைத்தேன். யாருக்கு என்று நான் சொல்லவில்லை, மகள் செண்பகமும் கேட்கவில்லை.

ரேஷனில் இந்த மாசம் துவரம் பருப்பு இல்லையாம்.

மார்ச் 5, சனி

ஏட்டு தங்கபாண்டி வந்தார். நாற்காலி போடச் சொன்னேன். அவருடைய அம்மா எனக்கு அரிசி களையும் சட்டி ஒன்று தர வேண்டும், கொடுத்து இருபத்தாறு வருசம். அதை இன்று கேட்கவில்லை, சீருடையில் வந்திருக்கிறாரே என்று.

மோட்டார் திருட்டு விசாரணையாம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் மோட்டாரைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர்கள் எல்லாரையும் விசாரிக்கிறார்களாம். செண்பகத்தின் புருசன் ரோட்டோரம் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவன். ஏட்டு என்னிடம் கேட்டது இது:

"ஆச்சி, புதங்கெழம ராத்திரி ஒங்க மருமவன் குத்தாலிங்கம் வீட்ல இருந்தானா? பாத்தீங்களா?"

"நான் அவன் மூஞ்சியப் பாத்து ஒம்பது வருசம் ஆச்சி."

"அப்ப, பாக்கல."

"பாக்கல."

எழுதிக்கொண்டார். நான் சொன்னதில் பொய் ஒன்றும் கிடையாது. எங்கள் கிணற்று மோட்டாரைச் சரிபண்ண வந்தவன், சரிபண்ணிக் கொடுத்துவிட்டு என் மகளைக் கூட்டிக்கொண்டு போனான். எட்டு மாசம் கழித்து அவள் வயிறும் பிள்ளையுமாகத் திரும்பினாள், அவனும் பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். பின்கட்டில் ஒரு அறை விட்டேன். விட்ட அன்றே சுடலைமாடன் பீடத்தில் தேங்காய் உடைத்து, இவன் முகத்தில் முழிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அவன் உள்ளே வந்தால் நான் சுவரைப் பார்ப்பேன். முற்றத்தில் நின்றால் நான் புளி மூட்டையைப் பார்ப்பேன். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் கோழியிடம் சொல்வேன். மோட்டாருக்கு கிரீஸ் வைக்கணும் என்று காலையில் கோழியிடம் சொன்னால் சாயங்காலம் வைத்திருக்கும். வீடு இப்படியே ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தவள், கையெழுத்துப் போடுவேன் என்று பேனாவுக்குக் கை நீட்டினேன். வாக்குமூலத்துக்குச் சாட்சி கையெழுத்துப் போடக் கூடாது, அது சட்டம் என்று ஏட்டு நோட்டை மூடிவிட்டார். எனக்கு எழுதத் தெரியாது என்று நினைத்திருப்பார். அந்தச் சட்டியோடு இதையும் சேர்த்து வைத்துக்கொள்கிறேன்.

போகும்போது ஒரு சின்ன விசாரணை என்று அவனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மார்ச் 6, ஞாயிறு

இன்னும் அனுப்பவில்லை. செண்பகம் ஒரு செம்பில் கசாயத்தை வைத்துக்கொண்டு ஸ்டேஷன் வேப்ப மரத்தடியில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாளாம். உள்ளே விடவில்லை. கசாயத்தை அப்படியே திரும்பக் கொண்டுவந்தாள். வீணாக்குவானேன் என்று நான் குடித்தேன். மிளகு கூடிவிட்டது.

ராத்திரி இருமல் இல்லாததால் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். தூங்கவில்லை.

மார்ச் 8, செவ்வாய்

ஒப்புக்கொண்டுவிட்டானாம். ஒன்றல்ல, நாலு மோட்டார். சங்கரநயினாருடையது ஒன்று, மற்ற மூன்றும் எப்போதோ காணாமல் போனவை. பேப்பரில் போட்டோ வந்திருக்கிறது என்று கோமு கொண்டுவந்து காட்டினாள். நடுவில் தரையில் செம்புக் கம்பிச் சுருள் இரண்டு, பின்னால் போலீஸ்காரர்கள் வரிசையாக, கல்யாண வீட்டில் நிற்பதுபோல். நான் கம்பிச் சுருளை மட்டும் பார்த்தேன். அது எங்கள் மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. எரிந்துபோன மோட்டாரில் உருவிப் போட்ட பழைய கம்பி. அதன் மேல்தான் கோழி அடை வைத்திருந்தேன். கோழியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கம்பியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஏழு முட்டை.

சாயங்காலம் செண்பகம் கோர்ட்டிலிருந்து வந்தாள். ஜெயிலுக்குக் கொண்டுபோகுமுன் அவனிடம் இரண்டு வார்த்தை பேச விட்டார்களாம். முதல் இரண்டு நாள் அவன் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறான். மூன்றாம் நாள் ஏட்டு சொன்னாராம், ஒன் மாமியாரே நீ வீட்ல இல்லன்னு சொல்லிட்டா, இனி ஒனக்கு எவன் சாட்சி சொல்லுவான் என்று. அதற்கும் அவன் தலையாட்டவில்லை. அப்படியானால் உன் பொண்டாட்டியைக் கூட்டி வந்து இதே இடத்தில் உட்கார வைக்கிறோம் என்றார்களாம். அதற்கு மேல் எது கேட்டாலும் ஆமா என்று சொல்லியிருக்கிறான். நாலோடு நின்றது அவன் அதிர்ஷ்டம்.

செண்பகம் முற்றத்தில் நின்றபடியே கேட்டாள்.

"எம்மா, அவுக வீட்ல இல்லன்னு நீயா சொன்ன?"

"பாக்கலன்னு சொன்னேன்."

"ராத்திரி பூரா இருமுனாவளே. நீதான இல கிள்ளி வச்ச."

"இருமுனானான்னு அவரு கேக்கலயே."

அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

மார்ச் 9, புதன்

இன்று என்னிடம் பேசியவர்கள்: கோமு, பால் விஷயமாக.

மார்ச் 21, திங்கள்

ஜாமீன் இல்லை என்று தள்ளிவிட்டார்கள். நாலு கேஸ் இருக்கிறதாம்.

இலவசமாக வாதாடுவதற்கு அரசாங்கமே ஒரு வக்கீலைக் கொடுத்திருக்கிறது. எஸ்தர் என்று பெயர். ஸ்கூட்டரில் வந்தாள், முப்பது வயசு இருந்தால் அதிகம். காப்பி கொடுத்தால் டம்ளரை வாயில் வைத்துக் குடித்தாள், ஆனாலும் நல்ல பிள்ளை. செண்பகம் என்னோடு பேசாததால் அவள் சொல்வதை வக்கீலம்மாவிடம் சொல்ல, வக்கீலம்மா என்னிடம் சொன்னாள்.

போலீசிடம் ஒப்புக்கொண்டது கோர்ட்டில் செல்லாதாம். அப்புறம் எதற்காக இப்படி மூன்று நாள் உட்கார வைத்து எழுதி வாங்குகிறார்கள் என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. மாஜிஸ்திரேட் முன்னால் அவனாகவே ஒப்புக்கொண்டால்தான் தப்பமுடியாதாம். அப்படி ஒப்புக்கொள் என்றுதான் ஏட்டு இப்போது ஜெயிலுக்கே ஆள் அனுப்பிச் சொல்கிறாராம். ஆறு மாசம் கொடுப்பார்கள், உள்ளே இருந்த நாளைக் கழித்துவிட்டால் கொஞ்சம்தான் பாக்கி, வீட்டுக்குப் போய்விடலாம் என்று. வழக்கு நடத்தினால் இரண்டு மூன்று வருசம் இழுக்கும்.

"ஒத்துக்கிட்டு வந்திட்டா முடிஞ்சுதுல்லா?" என்றேன்.

"முடியாது ஆச்சி. அப்புறம் அவரு பழைய குற்றவாளி. எங்க ஒரு மோட்டார் காணாமப் போனாலும் மொதல்ல இந்த வீட்டுக்குத்தான் வருவாங்க. சாகுற வரைக்கும்."

பிறகு நாலு திருட்டையும் தேதியோடு வாசித்தாள். இரண்டாவது, போன வருசம் நவம்பர் பத்தொன்பது ராத்திரி, மேலத்தெரு ராமையாவின் மோட்டார். நான் கொட்டைப்பாக்கு வெட்டிக்கொண்டிருந்தேன். பாக்குவெட்டியை வைத்துவிட்டேன்.

"அன்னைக்குத் திருக்கார்த்திக" என்றேன்.

விளக்கு வைக்கப் போய், வாசல் படியில் சிந்தின எண்ணெயில் வழுக்கி விழுந்து என் இடுப்பெலும்பில் கீறல் விட்ட நாள். ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன்.

யார் கூட்டிக்கொண்டு போனது என்று வக்கீலம்மா கேட்டாள். ஆட்டோ என்றேன். ஆட்டோவுக்குள் யார் தூக்கி வைத்தது என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை என்றேன். ராத்திரி ஆஸ்பத்திரியில் யார் இருந்தது என்றாள். உள்ளே செண்பகம் இருந்தாள். வெளியே வராந்தாவில் யாரோ விடிய விடிய இருமிக்கொண்டிருந்தார்கள்.

செண்பகம் அடுப்படியிலிருந்து வந்து கதவில் சாய்ந்து நின்றாள். வக்கீலம்மா கடைசியில், ஆச்சி தினமும் டைரி எழுதுவார்களாமே, நாளைக்கு எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மார்ச் 22, செவ்வாய்

நான் டைரி எழுதுவது மறந்துபோய்விடும் என்பதற்காக இல்லை. எனக்கு எதுவும் மறக்காது. எவளாவது நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்றால் எடுத்து மூஞ்சிக்கு நேரே நீட்டுவதற்காக. உரக்கடைக்காரர் தை பிறந்தால் ஒன்று தருவார். பன்னிரண்டு டைரி டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

வக்கீலம்மா போன வருசத்து டைரியில் நவம்பர் இருபதைப் புரட்டி, சத்தமாக வாசித்தாள்: "ஆட்டோவில் ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே எடுத்தார்கள். இட்லி கல். பக்கத்துக் கட்டில்காரி பல்லைக் கடிக்கிறாள். சொந்தக்காரி ஒருத்திகூட எட்டிப் பார்க்கவில்லை, என் நாத்தனார் மகள் உட்பட."

அவ்வளவுதான் இருந்தது.

பிறகு இந்த வருசத்து டைரியில் மார்ச் மூன்றைப் பார்த்தாள். அவள் முகம் ஒரு நிமிசம் தெளிந்தது, இருமல் என்று இருக்கிறதே என்று. அடுத்த வரியை வாசித்ததும் டைரியை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"யாருன்னு போட்டிருக்கலாமே ஆச்சி. ஒரு பேருதான."

அவள் போனபிறகு பன்னிரண்டு டைரியையும் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். சங்கரநயினார் நாற்பத்தோரு இடத்தில் இருக்கிறார். ஏட்டின் அம்மா பதினெட்டு இடத்தில். கோழி கணக்கே இல்லை. ஒன்பது வருசமாக என் வீட்டில் சோறு தின்று, என் கிணற்று மோட்டாரைப் பார்த்துக்கொண்டு, கூரைக்கு ஓடு மாற்றிய ஒருத்தன், போலீஸ் வருகிறவரை ஓரிடத்திலும் இல்லை. ஓடு மாற்றியதை எழுதியிருக்கிறேன். "ஓடு மாற்றியாயிற்று" என்று.

ஏப்ரல் 14, வியாழன்

சித்திரை விசு. வேப்பம்பூ ரசம், வடை. செண்பகம் ஜெயிலுக்குப் போகிறாள் என்பதால், நார்த்தங்காய் ஊறுகாய் இந்தத் தடவை காரம் குறைத்துப் போட்டிருக்கிறது, இருமலுக்கு ஒன்றும் செய்யாது என்று கோழியிடம் சொன்னேன். செண்பகம் எடுத்துக்கொண்டு போனாள். உள்ளே விடமாட்டோம் என்று வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்களாம். எந்த வார்டரின் வீட்டில் என் ஊறுகாயைத் தின்கிறார்களோ.

பேத்தியிடம் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி ஏதோ கேட்டிருக்கிறாள். சாப்பிடாமல் படுத்துவிட்டாள். கேட்டவள் பெயரை விசாரித்து வைத்திருக்கிறேன்.

மே 30, திங்கள்

சம்மன் வந்திருக்கிறது. அரசுத் தரப்பு மூன்றாவது சாட்சி, உலகம்மாள். ஜூன் பதினான்கு. என் பெயரை முதல் தடவையாக அச்சில் பார்க்கிறேன், அதுவும் தப்பில்லாமல்.

சம்மன் கொண்டுவந்ததே ஏட்டுதான். அன்றைக்குச் சொன்னதையே சொன்னால் போதும், பாக்கலன்னு ஒரே வார்த்த, சொல்லிட்டு எறங்கிருங்க ஆச்சி என்றார். அந்த அரிசிச் சட்டியைக் கேட்டேன். அம்மா செத்து நாலு வருசம் ஆச்சே என்றார். சட்டி சாகலையே என்றேன். ஒரு மாதிரியாகச் சிரித்துக்கொண்டு போனார்.

மத்தியானம் வக்கீலம்மா வந்தாள். நான் ஏட்டு சொன்னபடி சொன்னால் அரசுத் தரப்புச் சாட்சி. இருமலைக் கேட்டேன், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனது அவன்தான் என்று சொன்னால் எனக்கு வேறு பெயராம். பிறழ் சாட்சி.

"உள்ளதச் சொன்னா பிறழ் சாட்சியா?"

"ஆமா ஆச்சி. சட்டத்துல அப்படித்தான்."

"அப்ப இப்ப நான் என்ன சாட்சி?"

உள்ளதைச் சொல்வீர்களா என்று மட்டும் அவள் கேட்டாள்.

சொல்வேன் என்றேன். ஆனால் ஒரு நிபந்தனை. அவனிடம் சொல்லக்கூடாது, செண்பகத்திடமும் மூச்சு விடக்கூடாது. நான் அவனுக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். அவன் கையெடுத்துக் கும்பிடுவதை வாங்கிக்கொள்ள நான் தயாரில்லை. அவர் கிட்டயாவது சொல்லட்டுமா, பயந்துபோய் இருக்கிறார் என்றாள் வக்கீலம்மா. கூடவே கூடாது, சொன்னால் கோர்ட்டுக்கே வரமாட்டேன் என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

ஜூன் 13, திங்கள்

கத்தரிப்பூ நிறச் சேலையைக் கஞ்சி போட்டுக் காயவைத்தேன். சுடலைமாடன் பீடத்துக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன், சத்தியத்தை நாளைக்கு ஒரு நாள் மட்டும் விலக்கிவை என்று. தேங்காய் நன்றாக உடைந்தது.

எப்படி நடக்க வேண்டும் என்று எல்லாம் யோசித்து வைத்திருக்கிறேன். கூண்டில் ஏறியதும், இவரை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்பார்களாம். அப்போதுதான் திரும்பி அவனைப் பார்ப்பேன். அதுவரை பார்ப்பதாக இல்லை. ஒன்பது வருசம் வைத்திருந்ததை வராந்தாவில் வைத்தா அவிழ்ப்பது.

ஜூன் 14, செவ்வாய்

ஒரே பஸ்ஸில்தான் போனோம். செண்பகம் முன் சீட்டில், நான் பின் சீட்டில். நான் அவனுக்கு எதிராகத்தான் சொல்லப்போகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பஸ் முழுக்க அவள் பின்கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். சொல்லியிருக்கலாம். ஆலங்குளத்துப் பெண் ஒருத்தி நடுவில் கூடையை வைத்துக்கொண்டு நின்றாள்.

கோர்ட்டில் பதினொன்றரை மணிக்குக் கூப்பிட்டார்கள். அவனைப் போலீஸ் கூட்டி வந்து கூண்டில் நிறுத்தினது தெரிந்தது. சங்கிலிச் சத்தம், பிறகு இருமல். நான் பெஞ்சில் உட்கார்ந்து வழக்கப்படி தலையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு வக்கீல் வடை தின்றுகொண்டிருந்தார். சேலைத் தலைப்பை இழுத்துக் கன்னத்தை மறைத்துக்கொண்டேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பார்க்கப்படுவது தெரியாதா என்ன.

மூணாவது சாட்சி உலகம்மாள் என்று டவாலி கூப்பிட்டார். கம்பை ஊன்றி எழுந்தேன். நாலு அடி வைத்தேன். இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அந்தப் பக்கக் கூண்டிலிருந்து குரல் வந்தது.

"ஐயா, ஒரு வார்த்த. சாட்சியெல்லாம் வேண்டாங்கய்யா. நான் ஒத்துக்கிடுதேன்."

வக்கீலம்மா எழுந்து ஏதோ சொன்னாள். மாஜிஸ்திரேட் அவளை உட்காரச் சொல்லிவிட்டு அவனைக் கேட்டார், யாராவது மிரட்டினார்களா, என்ன சொல்கிறோம் என்று தெரிந்துதான் சொல்கிறாயா என்று. இஷ்டப்பட்டுத்தான் சொல்லுதேன்யா, நாலு கேசுக்கும் சேத்து என்றான்.

அப்போது திரும்பிப் பார்த்தேன்.

தலை பாதி நரைத்திருக்கிறது. மேல் வரிசையில் முன்பல் ஒன்று இல்லை. ஒன்பது வருசத்துக்கு முன்னாலும் இல்லையா, மார்ச்சில் போனதா என்று எனக்குத் தெரியாது. கழுத்தின் வலப்பக்கம் ஒரு மச்சம். பேத்திக்கும் அதே இடத்தில் இருக்கிறது. அது என் அம்மா வழியில் வந்தது என்று எட்டு வருசமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நடுவில் நின்றபடியே சொன்னேன்.

"ஐயா, அவன் வீட்லதான் இருந்தான். விடிய விடிய இருமிக்கிட்டுக் கெடந்தான். நான் கேட்டேன்."

"அம்மா, அவரே ஒத்துக்கிட்டாரு. நீங்க போய் உக்காருங்க."

"அவன் சொல்லுதது பொய்யி ஐயா."

"செஞ்சாரா இல்லையான்னு ஒங்களவிட அவருக்குத்தானம்மா தெரியும்."

டவாலி என் முழங்கையைப் பிடித்து மெல்ல பெஞ்சுக்குக் கூட்டிப் போனார். நல்ல மனுசன், என் இடுப்பு விஷயம் அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. மாஜிஸ்திரேட் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். ஆறு மாசம். உள்ளே இருந்த நாளைக் கழித்துக்கொள்ள வேண்டியது.

பதினொன்று ஐம்பதுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. நான் பிறழ் சாட்சிகூட இல்லை. கூண்டில் ஏறினால்தான் அந்தப் பெயர் கிடைக்குமாம்.

ஜூன் 15, புதன்

எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 18, சனி

வக்கீலம்மா ஜெயிலில் போய் அவனைக் கேட்டிருக்கிறாள், ஏன் இப்படிச் செய்தாய் என்று. அவன் சொன்னதை வந்து சொன்னாள், செண்பகத்துக்கும் எனக்கும் சேர்த்து.

"அத்த மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காந்திருந்தாவ. வந்தது எதுக்குன்னு தெரிஞ்சுபோச்சி. அவுக ஒரு பக்கம் சொல்ல, செம்பகம் ஒரு பக்கம் சொல்ல, கோர்ட்டுல தாயும் மவளும் வெட்டிக்கிடணுமா. அதுக்கு நானே ஒத்துக்கிடலாம்."

நீங்கள் சொன்னதால்தான் நான் அவரிடம் சொல்லவில்லை ஆச்சி என்று வக்கீலம்மா சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் அவள் மேலும் ஒரு குறை இங்கே எழுதி வைத்திருப்பேன். ஒப்புக்கொண்டவனுக்கு அப்பீல் கிடையாது, தண்டனை கூடிவிட்டது என்று வேண்டுமானால் போகலாமாம். மதுரையில் ஹைகோர்ட்டில் வேறு ஒரு வழி இருக்கிறது, முயற்சி செய்கிறேன் என்றாள். வருசம் ஆகும் என்றும் சொன்னாள்.

செண்பகம் சாயங்காலம் காப்பி கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள்.

"பஸ்லயாவது சொல்லியிருக்கலாம்லாம்மா" என்றாள்.

மூன்று மாசம் கழித்து என்னிடம் பேசினது அது. கூடை வைத்திருந்த பெண்ணைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11, வியாழன்

விருதுநகர்ப் பக்கம் ஒரு லாரியோடு மோட்டார் திருடுகிறவர்களைப் பிடித்திருக்கிறார்கள். அவர்கள் சரக்கைப் பதுக்கி வைத்த கிட்டங்கியில் முப்பது மோட்டார். அதில் ஒன்றில் சங்கரநயினாரின் மகன் பெயிண்டில் பெயர் எழுதியிருந்தானாம். அடையாளம் காட்டி, கோர்ட்டில் எழுதிக் கொடுத்து வாங்கி வந்துவிட்டார்கள். மாலை போட்டு, சந்தனம் வைத்து டிராக்டரில் கொண்டுவந்தார்கள். நான் தெருவில் நின்று பார்த்தேன். மோட்டார் வெளியே வந்துவிட்டது. அதைத் திருடினவன் இன்னும் உள்ளே இருக்கிறான்.

ஸ்டேஷனுக்குப் போய் ஏட்டிடம் கேட்டேன். அந்தக் கேஸ் முடிஞ்சுபோச்சே ஆச்சி என்றார். இவன்தான் அவர்களிடம் விற்றிருப்பான் என்றார். அவர்கள் அவனைத் தெரியாது என்கிறார்களாமே என்றேன். திருடன் சொல்வதை நம்பமுடியுமா என்றார். அவன் ஒப்புக்கொண்டதை மட்டும் எப்படி நம்பினீர்கள் என்று கேட்டதற்கு, டீ குடிக்கிறீங்களா என்றார்.

செப்டம்பர் 5, திங்கள்

வந்துவிட்டான். செண்பகம் போய்க் கூட்டி வந்தாள். நான் முற்றத்தில் நாற்காலியைத் தெருப்பக்கம் பார்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். வாசலில் நுழைந்ததும் அவன் வழக்கம்போல ஓரமாகச் சுவரை ஒட்டி, எனக்குச் சிரமம் இல்லாமல் பின்கட்டுக்குப் போகப் பார்த்தான். நான் திரும்பவில்லை. நேராகப் பார்த்தேன். கால் தடுமாறி நின்றுவிட்டான்.

"என்ன அத்த?"

"ஒண்ணுமில்ல. போயி குளி."

ஒன்பது வருசத்தில் அவனிடம் நேராகப் பேசினது இதுதான் முதல் தடவை. கோழிக்கு ஒன்றும் புரியவில்லை, என் காலையே சுற்றிச் சுற்றி வந்தது.

செப்டம்பர் 19, திங்கள்

மேலத்தெருவில் நேற்று ஒரு மோட்டார் காணோம். எட்டு மணிக்கெல்லாம் ஏட்டு வாசலில். வக்கீலம்மா சொன்னது பதினைந்து நாளில் நடந்துவிட்டது. குத்தாலிங்கத்தைக் கூப்பிடுங்க, ஒரு சின்ன விசாரணை என்றார். செண்பகம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பியே விட்டான், எதுவும் கேட்காமல். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நாற்காலி போடச் சொல்லவில்லை. டைரியை எடுத்து வந்தேன்.

"பொறும் தம்பி. நேத்து சாயங்காலம் ஆறரைக்கு வந்தான். ஏழே காலுக்குச் சாப்பிட்டான், தோச நாலு. எட்டு மணிக்குப் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தான், ஏழாம் வாய்ப்பாட்டுல தப்பு உட்டான். ஒம்பதரைக்குப் படுத்தான். ரெண்டு மணிக்கு எந்திரிச்சித் தண்ணி குடிச்சான். அஞ்சரைக்குக் கொட்டகையில சாணி அள்ளுனான். எல்லாம் நான் கண்ணால பாத்தது. எழுதிக்கிடும்."

"ஆச்சி, நீங்க ரெண்டு மணிக்கு முழிச்சா இருந்தீங்க?"

"முழிச்சித்தான் இருக்கேன். பதினஞ்சு நாளா."

டைரியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அவன் வந்த மறுநாளிலிருந்து ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் கையெழுத்து இருக்கிறது. இது நான் எழுதினது, கையெழுத்துப் போடக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லமுடியாது. அப்புறம் வாரேன் என்று போய்விட்டார். அப்புறம் வருவார். வரட்டும்.

செப்டம்பர் 20, செவ்வாய்

5.40 எழுந்தான்.
6.05 பல் தேய்த்தான். முன்பல் மார்ச்சில்தான் போனதாம், கேட்டேன்.
6.30 காப்பி.
8.15 கடைக்குப் போனான். நானும் கம்பை ஊன்றிக்கொண்டு போய் எதிரே புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். வெயிலா இருக்கு அத்த, உள்ள வந்து உக்காருங்க என்றான். உள்ளே வார்னிஷ் நாற்றம். இந்த நாற்றத்தில் இருந்தால் யாருக்கும் இருமல் வரும்.
1.10 சோறு, புளிக்குழம்பு. இரண்டு பேருக்கும்.
6.20 வீடு.
8.00 இருமல் ஆரம்பித்தது. குத்தாலிங்கத்தின் இருமல்.

உலகம்மாள்